விம் டெக்ஸ்ட் எடிட்டரில் அன்டூக்குப் பிறகு டைப் அடித்தால் பழைய வரிகள் எங்கே?

களியக்காவிளை:
நாகர்கோவில்–திருவனந்தபுரம் பஸ் நேரப் பட்டியலைத் திருத்துறேன். அன்டூவுக்கு யூ அழுத்திப் பின்னால போய், பாறசாலை வரியில ஒரு எழுத்து அடிச்சதும், ரீடூ பண்ற கண்ட்ரோல்-ஆர் வேலை செய்யல. முன்னால அடிச்ச மலையாள வரியெல்லாம் போச்சா?

செங்கோட்டை:
போகாதுண்ணே. விம் 7.0-லிருந்தே அன்டூ கிளை கிளையாத்தான் சேருது. கண்ட்ரோல்-ஆர் இப்ப இருக்கிற கிளையில மட்டும் நடக்கும். சின்ன ஜீ, அடுத்து மைனஸ்: இது கிளை பார்க்காம நேர வரிசையில பின்னால போகும்.

கண்ணால பார்க்கணும்னா அன்டூட்ரீங்கிற பிளகின் (விம்மோட சேர்க்கிற துணை நிரல்) போடுங்க. அன்டூட்ரீ-டாகிள் கட்டளை கொடுத்தா இடப்பக்கம் மரம் வரும். கோணக்குறிகளுக்கு நடுவே உள்ள எண்தான் நீங்க நிற்கிற இடம், சதுர அடைப்புல இருக்கிறது கடைசி மாற்றம். வேண்டிய எண்ணுல கர்சரை வச்சு என்டர். பெரிய டி அழுத்தினா என்ன மாறுச்சுன்னு காட்டுற டிஃப் கீழே தெரியும், வரியைச் சரிபார்த்துக்கலாம்.

வாளையார்:
ஃபைலை மூடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிருங்க. அன்டூ வரலாற்றை டிஸ்க்ல சேமிக்கிற அன்டூஃபைல் செட்டிங் ஆன்ல இல்லேன்னா மரம் அதோட போச்சு. அதை எங்கே சேமிக்கணும்னு அன்டூடிர் செட்டிங்ல குறிக்கிற ஃபோல்டரையும் நாமதான் உருவாக்கணும், இல்லேன்னா விம் சத்தமில்லாம சேமிக்காம விட்டுடும். வேற எடிட்டர்ல அதே ஃபைலைத் தொட்டா ஹேஷ் (உள்ளடக்கத்துலிருந்து கணக்கிடுற அடையாள எண்) ஒத்துவராது, சேமிச்ச வரலாற்றைப் படிக்காது. கிட்ல புல் பண்றவங்களுக்கு, அதாவது மத்தவங்க செஞ்ச மாற்றங்களை இறக்கிக்கிறவங்களுக்கு, இதே தலைவலிதான்.

களியக்காவிளை:
கிடைச்சிட்டு. பக்கத்துக் கிளையில இருந்துது.