சமர்த்தாகப் படுத்திருக்கும் பிள்ளையை முதலில் பாருங்கள்

குழந்தைகள் ஐ.சி.யூ. சிஸ்டர், டர்பன், தென்னாப்பிரிக்கா:
கடும் நோயில் மூளை திடீரென்று குழம்பிப்போவதுதான் டெலிரியம். அதில் டியூப்பைப் பிடுங்குகிற பிள்ளை யார் கண்ணுக்கும் தப்பாது. தப்பிப்போவது, அம்மா வந்து நின்றும் தலையைத் திருப்பாமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. "இன்னைக்குச் சமர்த்து" என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அதுவும் டெலிரியம்தான். இப்படி அடங்கிக் கிடப்பதும், அடங்குவதும் துள்ளுவதுமாக மாறி மாறி வருவதும்தான் பிள்ளைகளிடம் அதிகம்.

பிள்ளைகளின் டெலிரியத்தைக் கண்டுபிடிக்கிற கேள்வித்தாள்தான் கார்னெல் ஸ்கோர். அதைப் போட இரண்டு நிமிடம் போதும். 8 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கூட்டி 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 12 மணி நேர ஷிஃப்ட் முடியும் தறுவாயில் போடுங்கள், ஷிஃப்ட் முழுக்கப் பார்த்ததைத்தான் அது கேட்கிறது. பலர் தவறுவது ஓரிடத்தில்: முதல் நான்கு கேள்வி நல்ல அறிகுறியைக் கேட்பவை, அதற்கு "எப்போதும்" என்றால் 0; கடைசி நான்கு கெட்ட அறிகுறி, அதற்கு "எப்போதும்" என்றால் 4. கூப்பிட்டாலும் கண் திறக்காத, அசையாத அளவு மயக்க மருந்தில் இருந்தால் ஸ்கோர் போடாதீர்கள், தெளிந்ததும் போடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட், ஃபீனிக்ஸ், டர்பன்:
ஒன்று சேர்க்கிறேன். தமிழ் பேசுகிற ஆயா (பாட்டி) வளர்த்த பிள்ளை அரைத் தூக்கத்தில் "தண்ணி" என்று முனகும். பக்கத்தில் இருக்கிற சிஸ்டர் ஜூலு பேசுகிறவராக இருந்தால், தேவையைச் சொல்லத் தெரியவில்லை என்று மார்க் ஏறிவிடும். அட்மிட் ஆகும்போதே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்: தண்ணீருக்கு, வலிக்கு, மூத்திரத்துக்கு வீட்டில் என்ன சொல்? கண்ணாடி போடுமா? காது மெஷின் உண்டா? இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வயதுவாரி அட்டவணையை வைத்துத்தான் மார்க் போட வேண்டும். வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கு, "நேற்றுவரை இப்படி இருந்தானா?" என்ற கேள்விக்கு அம்மா சொல்லும் பதில் ஸ்கோரைவிடப் பெரியது.

குழந்தைகள் ஐ.சி.யூ. டாக்டர்:
ஸ்கோர் சல்லடை மட்டுமே, காரணத்தை நாம்தான் தேட வேண்டும். ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், புதுத் தொற்று, வலி, நிறைந்த மூத்திரப்பை, மலச்சிக்கல். அப்புறம் மருந்து சார்ட். பிள்ளை துள்ளியதும் மிடசோலாம் என்ற மயக்க மருந்து ஒரு டோஸ், ஒரு மணி நேரம் அமைதி, பிறகு முன்னைவிட மோசம்: இந்தச் சுழல்தான் பெரிய ஆபத்து. அரிப்புக்குக் கொடுக்கிற டைஃபென்ஹைட்ரமினும் குழப்பத்தைக் கூட்டும். அதற்காக நாள்கணக்கில் ஓடிய மிடசோலாமைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வியர்வை, கொட்டாவி, தும்மல், பேதி, நடுக்கம் சேர்ந்து வந்தால் மருந்து விடுபட்டதன் அறிகுறி; படிப்படியாகக் குறைக்க வேண்டும். தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் (SCCM) 2022 வழிகாட்டுதல் மிடசோலாம் வகை மருந்துகளான பென்சோடயசிப்பைன்களைக் குறைக்கச் சொல்கிறது, டெக்ஸ்மெடெடோமிடின் என்ற வேறு வகை மயக்க மருந்தை முன்வைக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், டெலிரியத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தல்ல. கட்டாயம் தேவைப்பட்டால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்து க்யூ.டி. நீளத்தைப் பாருங்கள்; அது நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

இரவு ஷிஃப்ட் சிஸ்டர்:
டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். கிழக்கு ஜன்னலில் கனமான திரை இல்லையென்றால் பிள்ளைக்கு இரவே கிடையாது. உடம்பு துடைப்பதை மூன்று மணிக்கு வைக்காதீர்கள். ரத்தம் எடுப்பது, டயப்பர், புரட்டிப்போடுவது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். பகலில் டியூப் இருந்தாலும் டாக்டர் சம்மதத்தோடு தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வையுங்கள். கையைக் கட்டுவது கடைசி வழி, கட்டினால் துள்ளல் கூடும்.

பெரியவர்கள் "ஜன்னி கண்டிருக்கு" என்று பயந்து எட்டி நிற்பார்கள். கிட்டே கூப்பிடுங்கள். சுவரில் பூச்சி ஊருது என்று பிள்ளை சொன்னால் இல்லை என்று வாதாட வேண்டாம். கையைப் பிடித்து, "அம்மா இங்கேதான் இருக்கேன், ஆஸ்பத்திரியில இருக்கோம், இப்ப காலை" என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து அதே வார்த்தைகளில் மறுபடியும்.