தேக்குக்குப் பசை தடவ எது தோது?

ரங்கூன், மேசை நாற்காலிப் பட்டறை:

பலகை ஒட்டு விட்டுப்போனால் எல்லாரும் பசையைத்தான் குறை சொல்கிறார்கள். பிரிந்த விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் பசை தடித்து, ஓரம் வெறும் மரமாக இருந்தால் குற்றம் தடவிய கருவியில். பசை முழுக்கச் சீராகப் படிந்திருந்தும் மரநார் ஒன்றுகூட அதோடு வரவில்லை என்றால் அது தேக்கின் எண்ணெய் செய்த வேலை. அதற்குக் கருவியை மாற்றிப் பயனில்லை. ஒட்டும் பக்கத்தை அப்போதே புதிதாக இழைத்துத் தடவுங்கள். இல்லையென்றால் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் பழுப்பு இறங்குவது குறையும்வரை துடைத்து, அது ஆவியானதும் கால் மணி நேரத்துக்குள் தடவுங்கள்.

வெள்ளைப் பசைக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் கணக்கு. 1.2 மீட்டர் நீளம், 25 மி.மீ. தடிப்புள்ள விளிம்புக்கு 5, 6 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. இதற்குப் போய் 2 அங்குலப் பெயின்ட் பிரஷ் எடுத்தால் பாதியைப் பிரஷே குடித்துவிடும். 12 மி.மீ. அகலத்தில் மயிர் குட்டையாக, விறைப்பாக இருக்கும் பிரஷ் போதும். கிளாம்ப் இறுக்கியதும் மூட்டு நெடுக மணிமணியாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. ஒழுகினால் அதிகம். எங்காவது ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுமே வரவில்லையென்றால் உடனே பிரித்து மறுபடி தடவுங்கள்.

மோல்மீன், கதவு ஜன்னல் வேலை:

அண்ணன் சொன்ன பிரஷ்ஷில் ஒன்று கவனிக்கணும், மயிரைக் கவ்வும் தகரப் பட்டை. வெள்ளைப் பசையில் கொஞ்சம் புளிப்பு உண்டு. துருப்பிடித்த தகரம் அதில் ஊறித் தேக்கில் பட்டால் மூட்டு ஓரம் கறுத்துப்போகும், பாலிஷ் போட்டாலும் மறையாது. பசையை இரும்பு டின்னில் ஊற்றி வைப்பதும் இதே கேடுதான்.

நம் ஊரில் மூங்கிலுக்கா பஞ்சம்? 15 மி.மீ. அகலச் சிம்பு ஒன்றை வெட்டி, நுனியில் 20 மி.மீ. நீளத்தை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து மரச்சுத்தியால் நசுக்கினால் நார் பிரிந்து பிரஷ்ஷாகிவிடும். வேலை முடிந்ததும் நுனியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததை நசுக்கலாம்.

கழுந்து (சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு), அது இறங்கும் துளை, இவற்றுக்கு நசுக்காத தட்டைச் சிம்புதான் நல்லது. துளையின் இரு கன்னத்திலும் நன்றாகத் தடவி, கழுந்துக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. துளையின் அடியில் பசை தேங்கவே கூடாது. மறுபக்கம் திறக்காத துளையில் தேங்கிய பசைக்கு வெளியேற வழி இல்லை. கழுந்து முழுக்க இறங்காது, சுத்தியால் அடித்தால் சட்டம் வெடிக்கும்.

பெகு, வெனீர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) ஒட்டுபவர்:

அகலமான பரப்புக்குப் பிரஷ்ஷும் சிம்பும் உதவாது. பல் வைத்த தகடுதான். சமையல் எண்ணெய் வரும் கெட்டி பிளாஸ்டிக் கேனில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முக்கோண அரத்தால் 3 மி.மீ.க்கு ஒன்றாக, 1 மி.மீ. ஆழத்தில் பல் போடுங்கள். நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் இறங்கும். படுக்கவைக்கப் படுக்கவைக்கக் குறையும். அரத்தின் பிசிறை உப்புத்தாளால் எடுக்காவிட்டால் கோடு கோடாகக் கீறும். பசை அடிப்பலகைக்கு மட்டும்தான். வெனீரில் தடவினால் ஈரத்தில் சுருண்டுகொள்ளும்.

ஸ்பாஞ்ச் ரோலர் வேண்டாம். பசையையும் குடிக்கும், நுரையும் கிளப்பும், அந்த நுரை பிறகு கொப்புளமாகத் தெரியும். வழுவழுப்பான ரப்பர் ரோலர் கிடைத்தால் பெரிய மேசைக்கு அதைவிட வேகமானது இல்லை. திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்து வெயிலில் அந்த வேகம் கட்டாயம். விசிறிக்கு நேரே வைத்துத் தடவினால் பரப்பை முடிப்பதற்குள் தொடங்கிய மூலையில் ஆடை கட்டிவிடும். தொட்டால் விரலில் ஒட்டாத இடத்தில் வெனீரும் ஒட்டாது.

ரங்கூன், மேசை நாற்காலிப் பட்டறை:

தம்பி சொன்ன பிளாஸ்டிக் தகட்டைக் கழுவக்கூட வேண்டாம், காய்ந்த பசை வளைத்தாலே உரிந்து வரும். பிரஷ்ஷில் இறுகிவிட்டால் வெதுவெதுப்பான வினிகரில் ஊறவைத்துச் சீப்பால் வாருங்கள். இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசை இறுகிவிட்டால் வினிகரில் இளகாது. அதற்கு எறிந்துவிடும் சிம்புதான், கிளாம்பையும் அழுத்தி இறுக்காதீர்கள். இறுக்கினால் பசை முழுக்க வெளியேறி மூட்டு வறண்டுவிடும்.