கம்பெனிப் பணத்தில் ஆராய்ச்சி: ஒப்பந்தம் போட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு. சிஎஸ்ஐஆர் உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் லேபில் பல்லேடியம் அசிடேட் (விலை உயர்ந்த வினையூக்கி) குப்பியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு மருந்து கம்பெனி பணம் தர முன்வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் உறுத்துகிறது: அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் கட்டுரை வெளியிடக் கூடாதாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டால் சிக்கல், சரி. அதற்காகக் காலக்கெடுவே இல்லாமலா? ஆராய்ச்சிக்கு நிதி தர மத்திய அரசு தொடங்கிய அனுசந்தான் அறக்கட்டளைக்கான 50,000 கோடியிலேயே 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமென்பதுதான் திட்டம். இனி பலருக்கும் இதே தலைவலிதான். ‘இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் வெளியிடலாம்’ என்று யாராவது எழுதி வாங்கியிருக்கிறீர்களா? அந்த வாசகத்தை அனுப்புங்களேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.