வேளாண் ஆலோசனைக்கான பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

ஏர்முனை:
வேளாண் விரிவாக்கம், அதாவது விவசாயிகளிடம் ஆலோசனையைக் கொண்டுசேர்க்கும் பணி, அதற்கான கொள்கை என்றாலே எத்தனை அலுவலர், எத்தனை கிராமம் என்ற கணக்கில் பேச்சு நின்றுவிடுகிறது. ஆள் கூட்டினால் போதும் என்றால் ‘பயிற்சியும் பார்வையிடலும்’ திட்டம் தோற்றிருக்கக் கூடாது. 1970களிலிருந்து உலக வங்கிப் பணத்தில் 50க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்தது அது. அலுவலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்த நாளில் வந்து ‘தொடர்பு விவசாயி’யைப் பார்ப்பார், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். மேலிருந்து வந்த செய்தியை ஒப்பித்துவிட்டுப் போவதுதான் வேலை. கேட்பவர் மானாவாரிக்காரரா, பாசன வசதி உள்ளவரா என்று பார்க்க இடமே இல்லை. வங்கிக் கடன் முடிந்ததும் பல நாடுகளால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை.

பணத்தை விவசாயிகள் கையில் கொடுங்கள் என்கிறேன். எவருடைய ஆலோசனை பயன்படுகிறதோ அவரை அவர்களே அமர்த்திக்கொள்ளட்டும்.

நாற்றங்கால்:
குறையைச் சரியாகச் சொன்னீர்கள், முடிவில் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்து 1997இல் தன் ஆலோசனை அமைப்பைத் தனியார்மயமாக்கியது. நியூசிலாந்து அதற்கும் முன்பே. அங்கே பெரிய பண்ணைகள், கட்டணம் கட்டத் தெம்பு உண்டு. அரை ஏக்கர் குத்தகைக்காரரைத் தேடி எந்தத் தனியார் ஆலோசகர் போவார்?

இன்னொன்றும் உண்டு. “எதையும் வாங்காதீர்கள்” என்பதே சில நேரம் மிகச் சிறந்த ஆலோசனை. இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் என்ற பூச்சி அழித்தபோது, மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம். 1986இல் அந்த அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இல் விவசாயிகள் வயலிலேயே கற்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விற்பனையில் வருமானம் பார்ப்பவர் அந்த ஆலோசனையைச் சொல்லியிருப்பாரா?

வரப்பு:
இருவரும் அரசா, தனியாரா என்று பேசுகிறீர்கள். பல இடங்களில் இன்றைக்கே முதல் ஆலோசகர் மருந்துக் கடைக்காரர்தான். பூச்சி கடித்த இலையோடு போனால் உடனே ஒரு பாட்டிலை எடுத்துத் தருகிறார். அலுவலருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பயிர் போய்விடும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. மருந்து விற்பவர் வேறு, ஆலோசனை தருபவர் வேறு என்று பிரான்ஸ் 2021இல் சட்டத்தால் பிரித்தது. சம்பளம் யார் தருவது என்பதற்கு முன் அதைப் பேச வேண்டும்.

ஏர்முனை:
வரப்பு சொல்வதை ஏற்கிறேன். நாற்றங்கால், வயல்வெளிப் பள்ளி என் பக்கச் சான்று. அங்கே விவசாயிகளே வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள். ஆனால் அதை எல்லோருக்கும் கொண்டுபோகச் செலவு அதிகம். கற்றவரிடமிருந்து அண்டை வயல்காரருக்கு அறிவு பெரிதாகப் பரவவில்லை என்று இந்தோனேசியா பற்றி 2004இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘ஒருவருக்குச் சொன்னால் ஊருக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கையை இனியாவது விட வேண்டும்.

நாற்றங்கால்:
நீங்கள் சொல்வதுபோல விவசாயிகளிடம், அதாவது அவர்களின் குழுவிடம், அதிகாரம் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? உகாண்டா 2001இல் அதற்கென்று சட்டமே போட்டது. விவசாயிக் குழுக்கள் தேவையைச் சொல்லும், ஒப்பந்த ஆலோசகர்கள் வந்து சொல்லித் தருவார்கள். நாளடைவில் அது விதையும் கன்றும் பங்கிடும் வேலையாகிப்போனது. வசதியுள்ளவர்களே அதிகம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2014இல் இடுபொருள் விநியோகத்துக்கு ராணுவத்தினரை இறக்கினார்கள்.

கதிர்மணி:
குழு குழு என்கிறீர்களே, அந்தப் பட்டியலில் யார் பெயர்? நிலம் யார் பெயரிலோ அவர் பெயர். நாற்று நடுவது, களை எடுப்பது, விதை எடுத்து வைப்பது, ஆடு மாடு பார்ப்பது என்று பாதி முடிவுகளை எடுக்கும் பெண்ணிடம் எந்த அலுவலரும் பேசுவதில்லை. கூட்டமும் அவள் வர முடியாத நேரத்தில்தான் வைக்கப்படுகிறது. பணம் அலுவலகத்தில் இருந்தாலும் குழுவில் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நிலப் பத்திரத்தை விட்டு, வேலை செய்பவரை வைத்துப் பட்டியல் எடுக்க வேண்டும். கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினாலும் வீட்டில் கைபேசி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நாற்றங்கால்:
இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கதிர்மணி. அலுவலர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். மானியப் பட்டியல், கணக்கெடுப்பு, இலக்கு அறிக்கை என்று அவர் நாள் முழுவதும் கரைகிறது. வயலுக்குப் போனாரா என்று கேட்பாரில்லை. விதை மூட்டை தீர்ந்ததா என்றுதான் கேள்வி. விநியோக வேலையை அவரிடமிருந்து எடுங்கள், விற்பனைக் கமிஷனுக்கு யாரும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று விதி போடுங்கள். சம்பளம் பொதுப் பணத்திலிருந்தே வரட்டும். பதவி உயர்வுக்கு மட்டும் அந்த ஊர் விவசாயிகளின் மதிப்பீடு சேரட்டும்.

ஏர்முனை:
மதிப்பீடு மட்டும் போதாது. பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் அதே ஆள் அதே ஊரில் இருப்பார். நிதியில் ஒரு பங்கையாவது குழுவிடம் விடுங்கள். கதிர்மணி சொன்னபடி வேலை செய்பவரை வைத்துக் குழுவை அமையுங்கள். தேவைப்பட்டால் மண் தெரிந்த ஒருவரையோ கால்நடை தெரிந்த ஒருவரையோ அவர்களே வெளியிலிருந்து அழைத்துக்கொள்வார்கள். மீதிப் பங்கு அலுவலரிடமே இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

வரப்பு:
அந்தப் பங்கில் மருந்து வாங்க அனுமதி இல்லை என்று விதியிலேயே எழுதினால் நானும் உங்கள் பக்கம்.