பெரிய கலியாண அல்பம் இல்லாமல் கணவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாமோ?

மானிப்பாய்ப்பிள்ளை (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். விசயத்தை வடிவாச் சொல்லிப்போட்டுத்தான் கேக்கவேணும், அதால கொஞ்சம் நீளும்.

எனக்கு 36 வயது. 2016இல முதல் கணவர் ஸ்பொன்சர் செய்து கனடா வந்தனான். அந்த வாழ்க்கை சரிவரேல்லை. 2021இல ஒன்ராறியோ கோட்டில விவாகரத்து முடிஞ்சுது. இப்ப நான் சிற்றிசன், முதியோர் இல்லமொண்டில பி.எஸ்.டபிள்யூவா (பராமரிப்பு உதவியாளரா) வேலை. அங்க என்னோட வேலை செய்யிற அக்கா ஒராளின்ர தம்பியைத்தான் இப்ப கலியாணம் செய்திருக்கிறன். அவருக்கு 32. யாழ்ப்பாணத்தில கணக்கு வாத்தியார், அரசாங்க உத்தியோகம்.

அம்மா ஊரில தனிய இருந்தவ. குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச நேரம், அக்கா சொன்ன உடன இவர்தான் ஓடிப்போய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில சேத்தவர். எனக்கு முன்பின் தெரியாத ஆள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில பிடிச்சுப் படமெடுத்து அனுப்பி, டொக்டர் சொன்னதை ஒண்டும் விடாமல் வொய்ஸ் மெசேச்சில சொன்னவர். நைட் ட்யூட்டி முடிஞ்சு பஸ்சுக்குள்ள இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டனான். அப்பிடித்தான் கதைக்கத் தொடங்கினது.

தாலிகட்டு மருதடிப் பிள்ளையார் கோயிலில. எழுத்தும் (கலியாணப் பதிவும்) அண்டைக்கே. சனம் பெரிசா இல்லை, வீட்டு ஆக்களும் அவரோட படிப்பிக்கிற ரெண்டு மூண்டு பேரும்தான். அம்மா சக்கர நாற்காலியில. அவற்ற அப்பா வரேல்லை. பொம்பிளை விவாகரத்தானவள், வயதும் கூட எண்டு அவருக்கு மனமில்லை. மாமிதான் கூறைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவ.

இஞ்ச ஒரு ஏஜென்ற்றிட்டப் போனனான். படங்களைப் பாத்திட்டு, "இதைக் குடுத்தால் கட்டாயம் றிஜெக்ற். ஊரில மண்டபம் பிடிச்சு றிசெப்சன் வைச்சு அல்பம் அடியுங்கோ. அப்பாவும் கலியாணத்துக்கு வந்தவர் எண்டு எழுதுவம்" எண்டுறார். இல்லாட்டி விசிற்றர் விசாவில கூப்பிட்டு, கனடாவுக்கு உள்ளுக்க வைச்சு விண்ணப்பம் போடலாமாம். எனக்கு நெஞ்சு ஒப்புதில்லை. இந்த வழியால போனவை ஆராவது சொல்லுங்கோ.

கரவெட்டியான் (பிரம்ரன்)

தங்கச்சி, அந்த ஆளிட்டத் திரும்பிப் போகாதேங்கோ. முதல் அதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை.

வராத மாமாவை வந்தவர் எண்டு எழுதினால் அது பொய்த் தகவல். குடிவரவுச் சட்டத்தின்ர 40ஆம் பிரிவில பிடிபட்டால் உங்கட மனிசனுக்கு 5 வருசத்துக்குக் கனடாக் கதவு சாத்துப்படும். அந்தக் காலத்துக்குள்ள நிரந்தர வதிவிடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கவும் ஏலாது. இப்ப உங்களிட்ட இருக்கிறது உண்மையான கலியாணம். அதுக்கு மேல பொய்யை ஏன் பூசவேணும்?

என்ர தம்பியின்ர கேஸில நான் சாட்சி சொன்னனான், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன். அவற்ற மனிசியின்ர விண்ணப்பம் முதல் மறுக்கப்பட்டது. குடிவரவு அப்பீல் போர்ட்டில வெண்டவை. அங்க மண்டபத்தைப் பற்றி ஒராளும் கேக்கேல்லை. மனிசி என்ன வேலைக்குப் போறா, கடைசியா எப்ப சண்டை பிடிச்சனீங்கள், ஆர் சமாதானம் செய்தது, இப்பிடித்தான் கேள்வி. தம்பியை அறைக்குள்ளயும் மனிசியைப் போனிலயும் வைச்சுத் தனித்தனியாக் கேட்டவை. உண்மையாப் புருசன் மனிசியா இருக்கிற ஆக்களுக்குத் தானா வாற பதில்கள்.

உங்கட கோப்பில அதிகாரிக்கு உறுத்தப் போறது படம் இல்லை. ஸ்பொன்சரில வந்தவ, விவாகரத்து, இப்ப தானே ஸ்பொன்சர் செய்யிறா, மாப்பிள்ளை வயது குறைவு, தகப்பன் கலியாணத்துக்கு வரேல்லை. எல்லாத்தையும் சேத்துப் பாத்தால் ஆருக்கும் ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை அவை கேக்க முதலே நீங்கள் எழுதித் தீர்க்கவேணும். 5532 படிவத்தில எப்பிடிச் சந்திச்சனீங்கள், கலியாணத்துக்கு ஆரார் வந்தவை, முந்தின கலியாணம் எல்லாத்துக்கும் கேள்வி இருக்கு. இடம் காணாட்டித் தனித்தாளில எழுதுங்கோ. மாமா ஏன் வரேல்லை எண்டதை இஞ்ச எங்களுக்கு எழுதின மாதிரியே எழுதுங்கோ. வீட்டில எதிர்ப்பு இருந்தும் ஒருத்தர் கலியாணம் செய்தவர் எண்டது உங்கட பக்கத்துக்குத்தான் பலம்.

2016இல நீங்கள் நிரப்பிக் குடுத்த கோப்பும் அவையளிட்ட இருக்கும். திகதி, விலாசம், வேலை எல்லாம் அதோட ஒத்துப்போகவேணும்.

ஸ்பொன்சரில வந்தவை 5 வருசத்துக்கு இன்னொரு துணையைக் கூப்பிட ஏலாது எண்ட சட்டம் உங்களுக்குத் தடையில்லை, அது 2021ஓட முடிஞ்சுது. இடையில சிற்றிசன் எடுத்தாலும் அந்த 5 வருசம் குறையாது எண்டதை இதை வாசிக்கிற மற்றவை கவனியுங்கோ.

மிசிசாகா அக்கா

பிள்ளை, அந்த எக்ஸ்ரேப் படத்தை அழிக்காமல் வைச்சிருக்கிறீங்களோ? அதுதான் முதல் போகவேணும். திகதியோட இருக்கும். ஆஸ்பத்திரித் துண்டு, அம்மாக்கு அவர் வாங்கின மருந்து பில், சக்கர நாற்காலி வாங்கின றிசீற் இருந்தால் அதுகளும். மாமியாருக்கு இப்பிடிச் செய்யிற மருமகனைப் பேப்பரில காட்ட இதைவிட வேற என்ன வேணும்!

எங்கட சனம் அல்பத்தையே அள்ளிக்கொண்டு போகும். செக்லிஸ்ற்றில கேக்கிறது கூடினது 20 படம். மெசேச்சுகள் 10 பக்கம். அதுக்குள்ளதான் தெரிவு செய்யவேணும். கதைக்கத் தொடங்கின காலம், கலியாணத்துக்கு முதல், பிறகு எண்டு பரவலா எடுங்கோ. "சாப்பிட்டியா", "ஓம்" எண்டு பக்கம் பக்கமாப் போடாமல், அம்மான்ர கிளினிக் நாள், சம்பளக் காசு, லீவு, கோபதாபம் கதைச்ச இடங்களைப் பாருங்கோ.

தமிழில இருக்கிற எல்லாம் மொழிபெயர்க்கவேணும், வட்ஸ்அப் மெசேச் உட்பட. அதைச் சொந்தக்காரர் செய்ய ஏலாது. உங்கட மச்சாளுக்கு எவ்வளவு இங்கிலிசு தெரிஞ்சாலும் அவ செய்யக்கூடாது. சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுங்கோ, மூலப் பிரதியும் சேந்து போகவேணும்.

விவாகரத்துச் சான்றிதழையும் கோட்டில எடுத்து வையுங்கோ. ஒன்ராறியோவில தீர்ப்பு வந்து 31ஆம் நாள்தான் விவாகரத்து நடைமுறைக்கு வாறது. உங்களுக்கு இடைவெளி தாராளம், பயமில்லை. ஆனால் தீர்ப்புத்தாளை மட்டும் அனுப்பினால் சான்றிதழைக் கேட்டு எழுதுவினம், கோப்பு அதில நிண்டுபோகும்.

மானிப்பாய்ப்பிள்ளை (ஸ்காபரோ)

அக்கா, அண்ணை, ரெண்டுபேருக்கும் நன்றி. எக்ஸ்ரே இருக்கு. நாற்காலி றிசீற் அவரிட்ட இருக்காம், இப்பதான் கேட்டனான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். விசிற்றரில கூப்பிட்டு உள்ளுக்க வைச்சுப் போடுறது நல்லதோ? என்ர சம்பளம் காணுமோ எண்டும் யோசினை. ஊருக்கும் காசு அனுப்புறன்.

கரவெட்டியான் (பிரம்ரன்)

துணைக்கு வருமான எல்லை இல்லை, தங்கச்சி. கூட வாற பிள்ளைக்கும் ஒரு பிள்ளை இருந்தால் விதிவிலக்கு இருக்கு, உங்களுக்கு அது வராது. சோஷல் (அரசாங்க உதவிக் காசு) எடுக்கிற ஆளா இருக்கக்கூடாது, ஊனமுற்றோர் உதவித்தொகை எண்டால் பரவாயில்லை. கையெழுத்து வைச்சால் அவர் பி.ஆர். (நிரந்தர வதிவாளர்) ஆன நாளில இருந்து 3 வருசத்துக்கு அவற்ற செலவுக்கு நீங்கள் பொறுப்பு. இடையில பிரிஞ்சாலும் அந்தப் பொறுப்புப் போகாது. அதைத் தெரிஞ்சுகொண்டு வையுங்கோ.

என்னைக் கேட்டால் வெளியில இருந்து போடுறதுதான் நல்லது. அப்பிடிக் குடும்ப வகுப்பில போட்டு மறுத்தால் 30 நாளுக்குள்ள அப்பீல் போர்ட்டுக்குப் போகலாம், புதுச் சாட்சியங்களும் வைக்கலாம். தம்பி தப்பினது அதாலதான். உள்ளுக்க இருக்கிற வகுப்பில போட்டு மறுத்தால் அந்த அப்பீல் இல்லை, ஃபெடரல் கோட்டைத்தான் நாடவேணும். இடையில அவர் ஊருக்குப் போகவேண்டி வந்தால் திரும்பி உள்ள விடுவினம் எண்டும் நிச்சயமில்லை. அம்மா அங்க அந்த நிலைமையில இருக்கிறா, அதையும் யோசியுங்கோ. வாத்தியார் வேலையையும் இப்பவே விடத் தேவையில்லை.

விசிற்றர் விசா கேக்கிறது குற்றமில்லை. நிரந்தரமா வர நினைக்கிற ஆளும் தற்காலிகமா வரக் கேக்கலாம் எண்டு சட்டத்திலயே இருக்கு. விண்ணப்பம் போட்ட பிறகு, அதை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கோ.

ஆள் பிடிக்கிறதெண்டால், ஆலோசகர்களுக்கு உரிமம் குடுக்கிற குடிவரவு ஆலோசகர் கல்லூரியின்ர இணையப் பட்டியலில அவற்ற பேர் இருக்கோ எண்டு பாருங்கோ. வக்கீல் எண்டால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின்ர பட்டியல். முதல் போனவற்ற பேரையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.

மானிப்பாய்ப்பிள்ளை (ஸ்காபரோ)

பாத்தனான் அண்ணை. ரெண்டிலயும் இல்லை.

வெளியில இருந்தே போடுறம். இவர் பொலிஸ் றிப்போட்டுக்கு இண்டைக்கே போடுறாராம். மாமாவிட்டக் கடிதம் கேக்கட்டோ எண்டு கேட்டவர். மாமி தருவா எண்டு நினைக்கிறன், மாமாவைக் கரைச்சல்படுத்த மனமில்லை.

மிசிசாகா அக்கா

மாமியின்ர கடிதம் காணும், பிள்ளை. அவவுக்குத் தெரிஞ்சதை அவவின்ர கையால தமிழிலயே எழுதட்டும், அடையாள அட்டைக் கொப்பியும் வைக்கச் சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பைப் பிறகு பாக்கலாம்.