போமடோசெரோஸ் பேரினத்தை எடுத்துவிட்டது சரிதானா?

நெய்தல்: 2009-இல் வகைப்பாட்டாளர் பிள்ளையின் ஆய்வு வந்தபின், சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் கடற்புழுக்களில் போமடோசெரோஸ், போமடோலையோஸ் இரண்டு பேரினங்களும் ஸ்பைரோபிராங்கஸ் என்ற பேரினத்துக்குள் போய்விட்டன. எனக்கு உடன்பாடில்லை. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தில் குழாய் கட்டி, இரண்டு வண்ணச் சுருள்களை விரிக்கும் கிறிஸ்துமஸ் மரப் புழுவும், ஐரோப்பாவில் கல், சிப்பி, கப்பலின் அடி என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும் ட்ரைக்வெட்டர் புழுவும் ஒரே பேரினமா? லின்னேயஸ் 1758-லேயே பெயரிட்ட புழு இந்த ட்ரைக்வெட்டர். போமடோசெரோஸில் இருந்த இன்னொரு சிற்றினமான லமார்க்கி பற்றிய பழைய கட்டுரைகள் பழைய பெயரில்தான் கிடக்கின்றன. மாணவர்கள் எதைத் தேடுவார்கள்?

பார்க்கல்: தேடுவது சிரமம் என்பது வகைப்பாட்டுக்கு வாதமாகாது, தோழர். பேரினங்கள் சேர்ந்தால் மூத்த பெயர், 1818-இல் பிளெய்ன்வில் வைத்த ஸ்பைரோபிராங்கஸ்தான் நிற்கும். பிலிப்பியின் போமடோசெரோஸ் 1844-இல் வந்தது. விதி அப்படி. உடலைப் பாருங்கள்: குழாய் வாயை அடைக்கும் மூடியின் காம்பில் இருபுறமும் இறக்கை, மூடிமேல் சுண்ணாம்புத் தகடு. மூன்று பேரினங்களுக்கும் இது பொது. மூடியின் கொம்புகளை நம்பவே கூடாது. அவற்றை வைத்துத்தானே கிறிஸ்துமஸ் மரப் புழுக்களைக் கார்னிகுலேட்டஸ், குரூசிகர், கெய்மார்டி என்று மூன்று சிற்றினமாகப் பிரித்தோம்? 2015-இல் மரபணுவைப் பார்த்தால் மூன்றும் ஒன்று!

நெய்தல்: கொம்பை விடுங்கள். தலைக்குக் கீழே கழுத்துப்பட்டையில் இருக்கும் முள்மயிர்கள்? ஸ்பைரோபிராங்கஸில் அடிப்புடைப்புள்ள தனிவகை இருக்கிறது. வளர்ந்த போமடோலையோஸில் கழுத்துப்பட்டை முள்மயிரே கிடையாது.

பார்க்கல்: ஓர் உறுப்பு இல்லாமல் போவது பல கிளைகளில் தனித்தனியாக நடக்கும். இல்லாமையை மட்டும் வைத்துப் பேரினம் கட்டினால் நிற்காது. நியூசிலாந்தின் நீலக்குழாய்ப் புழுவைக் கேளுங்கள். நெடுநாள் போமடோசெரோஸ் செருலியஸ், இப்போது ஸ்பைரோபிராங்கஸ் காரினிஃபெரஸ். இரண்டு பேரினப் பெயரையும் சுமந்த புழு அது.

அலைவாய்: குறுக்கிடுகிறேன். சேர்ப்பதில் இருக்கும் ஆபத்துக்கு, போமடோலையோஸில் வைத்திருந்த கிராஸி என்ற சிற்றினத்தைப் பாருங்கள். இந்தியப் பட்டியல்களிலும் போமடோலையோஸ் கிராஸி என்றே எழுதிவந்தோம். கப்பலேறி உலகெங்கும் பரவிய புழு என்று பேர் வேறு. 2019 ஆய்வு என்ன சொன்னது? உண்மையான கிராஸி தென்னாப்பிரிக்கப் புழு. மற்ற கடல்களில் அந்தப் பெயரில் எழுதப்பட்டவை வேறு சிற்றினங்கள். நம் கரையில் இருப்பதற்கு என்ன பெயர்?

நெய்தல்: இதைத்தான் சொல்கிறேன். ஒன்றாக அள்ளிப் போட்டால் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது.

பார்க்கல்: இல்லை. கிராஸி தனிப் பேரினத்தில் இருந்த காலத்தில்தான் அந்தக் குழப்பமே வளர்ந்தது. அது சிற்றின அளவில் நடந்த பிழை. பேரினத்தைப் பிரித்து வைத்திருந்தது அதைத் தடுக்கவில்லை. அலைவாய் கேட்டதற்கு இங்கே வாதாடி விடை வராது. தூத்துக்குடி, மண்டபம் கரைக் கற்களிலிருந்து எடுப்பவர்கள் வெறும் குழாயைக் கொண்டுவர வேண்டாம். மூடியும் காம்பும் சிதையாமல் முழுப் புழுவை எடுங்கள், மரபணுவுக்கு ஃபார்மலின் வேண்டாம், எத்தனாலில் போடுங்கள்.

நெய்தல்: அதற்கு நான் வருகிறேன். பேரினம் பற்றிய என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது.