மறுமொழி: தூண்டல் அடுப்பு விட்டு விட்டுச் சூடேற்றுவதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். தூண்டல் அடுப்பு (இண்டக்‌ஷன் ஸ்டவ்) குறைந்த அளவுகளில் விட்டு விட்டுச் சூடேற்றுகிறதே, அதற்கு அடுப்பின் கையேட்டில் எழுத ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'டியூட்டி சைக்கிள்' என்பதற்குப் 'பணிச் சுழற்சி' இருக்கிறதே, அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாமே?

எனக்கு அது ஒப்பவில்லை. மின்னணுவியலில் அந்தச் சொல் ஒரு விகிதத்தைக் குறிக்கிறது: ஒரு சுற்றில் எத்தனை பங்கு நேரம் கருவி ஓடுகிறது என்பதை. நாம் பெயர் தேடுவது விகிதத்துக்கு அன்று, அடுப்படியில் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படும் ஒரு நடத்தைக்கு. 'பணிச் சுழற்சியில் பாலைக் காய்ச்சவும்' என்று கையேட்டில் எழுதினால் யாருக்கு விளங்கும்?

இந்த அடுப்பு வந்த புதிதில் அது பழுது என்றே நினைத்தேன். 400 வாட்டில் பாலை வைத்தேன். மெல்லிய ரீங்காரம் எழுந்தது. கீழே இருக்கும் கம்பிச்சுருளின் வடிவத்திலேயே குமிழிகள் வளையமாகத் திரண்டன. சற்று நேரத்தில் ரீங்காரம் அடங்கியது, விசிறியின் ஓசை மட்டும் மிஞ்சியது, குமிழிகள் அமுங்கின. மறுபடி ரீங்காரம், மறுபடி வளையம். கடிகாரத்தைப் பார்த்தேன்: ஏறத்தாழ நான்கு வினாடி சூடு, ஆறு வினாடி ஓய்வு. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட எண்ணினேன்.

காரணம் தெரிந்ததும் எண்ணம் மாறியது. சுருளில் வினாடிக்கு 20,000 சுற்றுக்கு மேல் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். பல அடுப்புகளில் இந்த மின்னோட்டத்தை உண்டாக்கும் மின்சுற்று, மிகக் குறைந்த திறனில் இடைவிடாமல் ஓடினால் தானே வீணாகச் சூடேறிவிடும். ஆகவே 1,000 வாட்டில் நான்கு வினாடி ஓடி, ஆறு வினாடி ஓய்கிறது. சராசரி 400 வாட். கணக்கு சரியாகவே வருகிறது. அதன் பிறகு அடி கனமான பாத்திரத்துக்கு மாறினேன். ஓய்வு நேரத்திலும் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்போது ரீங்காரத்துக்குக் காது கொடுத்தபடி அடுத்த வேலையைப் பார்க்கிறேன். அந்த ஒலி நின்று தொடங்குவது எனக்குப் பிடித்தே போய்விட்டது.

> 'துடிப்புச் சூடு' எப்படி? 'விட்டெரிதல்' என்றும் தோன்றியது.

முதலாவது அழகான சொல்தான். ஆனால் துடிப்பு என்றால் நாடியின் வேகம் நினைவுக்கு வருகிறது. ஆறு வினாடி ஓய்ந்திருப்பதைத் துடிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டாவதை ஏற்க முடியாது. தீயே இல்லாத அடுப்பில் எரிவது எது?

என் பரிந்துரை 'முறைச்சூடு'. விட்டு விட்டு வரும் காய்ச்சலை முறைக்காய்ச்சல் என்கிறோம். சில நாள் தண்ணீர் விட்டுச் சில நாள் நிறுத்துவது முறைப்பாசனம். இரண்டிலும் இடைவெளிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைச் சொல்வது 'முறை' என்ற முன்னொட்டுத்தான். 'விட்டு விட்டு' என்று மட்டும் சொன்னால், என்னைப் போலவே படிப்பவரும் பழுது என்று நினைத்துவிடக் கூடும்.

'முறையான சூடு' என்று பொருள் மயங்காதா என்று கேட்பீர்கள். தனியாக நின்றால் மயங்கும். இதை நான் மறுக்கவில்லை. அதனால் 'தொடர்ச்சூடு' என்ற இணைச்சொல்லையும் சேர்த்தே வைக்க வேண்டும். திறனையே குறைத்து இடைவிடாமல் சூடேற்றினால் தொடர்ச்சூடு, கூடிய திறனில் ஓடி ஓடி ஓய்ந்தால் முறைச்சூடு. எதிரும் புதிருமாக நிற்கும்போது குழப்பம் வராது. நுண்ணலை அடுப்புக்கும் (மைக்ரோவேவ்) இந்த இணை பொருந்தும்: திறனையே கூட்டிக் குறைக்கும் 'இன்வெர்ட்டர்' மின்சுற்று இல்லாத வகைகளில் பாதித் திறன் என்பது பாதி நேரம் முழுத்திறனில் ஓடுவதுதான்.

கையேட்டில் இப்படி எழுதலாம்: 'குறைந்த அளவுகளில் இந்த அடுப்பு முறைச்சூட்டில் இயங்கும். அடி கனமான பாத்திரத்தைப் பயன்படுத்தவும்.'

வினைச்சொல்தான் இன்னும் அமையவில்லை. 'முறைவைத்துச் சுடுகிறது' என்பது பொருளில் சரி, ஆனால் நீளம். சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.